சாவுப் பலகை அடித்த புதன்கிழமை

ஆண்டவர் பிறந்த ஆயிரத்து இருநூற்று நாற்பத்தைந்தாம் ஆண்டு, புனித அகத்தா திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை, ஃபிராங்கோனியா நாட்டு வைடன்பாக் சிஸ்டர்சியன் கன்னியர் மடத்தின் விருந்தினர் அறையில், சபையின் தலைமைப் பேரவை நியமித்த மூன்று மடாதிபதிகள் முன்பாக, நற்செய்திப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தபின் கீழ்க்கண்டவர் கொடுத்த வாக்குமூலம்.

பெயர்: இர்மென்கார்ட். தகப்பனார் பெயர்: லுடோல்ஃப், கோட்டைக் காவலர், காலமானவர். வயது: நாற்பத்தேழு இருக்கும், சரியாகத் தெரியாது. இருப்பிடம்: பதினைந்து வயது முதல் மேற்படி மடம். பொறுப்பு: ஒன்பது ஆண்டுகளாக நோயாளிச் சாலை.

நான் மேற்படி மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியராக இருந்து வருகிறேன். இந்த விசாரணையில் இரண்டு விஷயம் தீர வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. சென்ற நவம்பரில் எங்கள் மடத்துக் கன்னியர்கள் ஐம்பத்தொரு பேர் மேற்பார்வைக்கு வந்த வால்ராம் மடாதிபதியை அவமதித்துக் கலகம் செய்தார்களா என்பது ஒன்று. மடத்துச் சுவருக்கு வெளியே புதைக்கப்பட்டிருக்கும் கெர்பூர்கா சகோதரியை உள்ளே, ஆசீர்வதித்து மந்திரித்த கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுவரலாமா என்பது மற்றொன்று. முதலாவது தீர்ந்தால்தான் இரண்டாவது தீரும் என்று நடு இருக்கையில் இருக்கும் சாமி சொன்னார். எனக்கு இரண்டாவதற்காகத்தான் தூக்கம் வராமல் இருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் நோயாளிச் சாலை மடத்துச் சுவருக்கு வெளியே ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்பு அது ஒரு பண்ணைவீடு. மடத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து மரப்பாலத்தின்மேல் இருபது அடி நடந்தால் வந்துவிடும். எங்கள் கூட்ட மண்டபத்தின் ஜன்னல் அந்த ஓடையைப் பார்த்துத்தான் இருக்கிறது. நோயாளிச் சாலையின் கூரை இறவாணத்தில் சாவுப் பலகை தொங்குகிறது. அதை அடிக்கும் மரச் சுத்தியல் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கும். இப்போது பலகை மட்டும்தான் இருக்கிறது.

சாவுப் பலகை என்றால் என்ன என்று எழுதிக்கொண்டிருக்கும் தம்பி கேட்டார். அவர் ஆயரின் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்பதால் அவருக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் ஒருவருக்கு மூச்சு அடங்கப்போகிறது என்று தெரிந்தால், தரையில் சிலுவை வடிவில் சாம்பல் தூவி, அதன்மேல் வைக்கோலும் முரட்டுத் துணியும் விரித்து, கட்டிலிலிருந்து இறக்கிப் படுக்க வைப்போம். பிறகு பலகையை வேகமாகத் தொடர்ந்து அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும், எந்த வேலையாக இருந்தாலும், அப்படியே போட்டுவிட்டு விசுவாசப் பிரமாணத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடி வர வேண்டும். மற்ற நேரங்களில் நாங்கள் ஓடக் கூடாது, உரக்கப் பேசவும் கூடாது. சாவுக்கு மட்டும் ஓடலாம்.

கெர்பூர்கா சகோதரிக்கு வயது எழுபத்தெட்டு. நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவோம். இந்த மடத்துக்கு முதல் கல் வைத்தபோது இருந்தவர்களில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். கை முட்டிகள் வீங்கி, நடக்க முடியாமல், நாலு வருஷமாக என் பொறுப்பில் இருந்தார். மௌன நேரத்தில் அவரைப் பேச வைக்க ஒருவராலும் முடியாது. ஒருமுறை நோயாளிச் சாலை அடுப்பங்கரையில் தீப்பிடித்தபோது, என்னைக் கூப்பிடாமல், அப்போது நடக்க முடிந்ததால், தோட்டத்துக்கு வந்து என் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மணி அடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். "பருப்பு தீஞ்சு போச்சுடி" என்றார். கூரையில் பாதி போயிருந்தது.

சென்ற ஆண்டு நவம்பர் மாதம், புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மதியம், மேற்படி வால்ராம் சாமி தம் எழுத்தர் கோஸ்வின் என்பவருடன் குதிரையில் வந்து சேர்ந்தார். அவர் மடம்தான் எங்களுக்குத் தாய் மடம், அவர் வருஷம் ஒருமுறை வந்து எங்களைப் பார்வையிடுவது வழக்கம். அன்று அவர் மடத்தைச் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவின் முன்னால் நின்று, "இது வழியா தினமும் போறீங்களா?" என்று என்னிடம் கேட்டார். "ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சாமி, மழைன்னா ஒம்பது, துணி எடுக்கணும்" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோஸ்வின் எழுதிக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை காலைச் செபம் முடிந்ததும் வழக்கம்போலக் கூட்ட மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். நோயாளிச் சாலைக்காரி என்பதால் எனக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. உள்ளே நடந்ததில் சிலதை ஜன்னல் வழியாக என் காதால் கேட்டேன், மீதியை எங்கள் மடத்துத் தாயார் ரிக்கார்டா அம்மாவும் மற்றவர்களும் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வால்ராம் சாமி தலைமைப் பேரவையின் கட்டளைகளை வாசித்தார் என்று சொன்னார்கள். கன்னியர் எவரும் மடத்துச் சுவரைத் தாண்டக் கூடாது, பக்கவாட்டுக் கதவைக் கல் வைத்து அடைக்க வேண்டும், நோயாளிச் சாலையில் இருப்பவர்களை ஊர்ப் பெண்களை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை அதில் இருந்தன. அதற்கு ரிக்கார்டா அம்மா எழுந்து நின்று, எல்லாக் கட்டளைக்கும் கீழ்ப்படிகிறோம், கதவு ஒன்றுக்கு மட்டும் வசந்தகாலம் வரை தவணை வேண்டும், அதற்குள் சுவருக்கு உள்ளே ஒரு நோயாளிச் சாலை கட்டிவிடுகிறோம் என்று கேட்டார்களாம். அதன்பிறகு நடந்தது எனக்கே கேட்டது, ஏனென்றால் இருவருடைய குரலும் உயர்ந்துவிட்டது.

"கட்டளையில தவணை இல்ல" என்றார் சாமி.

"நோவுலயும் தவணை இல்ல சாமி. நாலு பேரு அங்க படுத்திருக்காங்க. முகம் தெரியாத பொம்பளைங்க கைல அவங்கள எப்படி விடறது? எங்களோட வாழ்ந்தவங்க, எங்க கைல சாகட்டும்."

"உனக்குக் கீழ்ப்படியத் தெரியாதுன்னு எனக்கு மூணு வருஷமாத் தெரியும்."

"என்னை ஏசுங்க சாமி. கதவ விட்ருங்க."

அதன்பிறகு, "கோலைக் கீழ வை" என்று அவர் சொன்னதைக் கேட்டேன். தாயார் பொறுப்பிலிருந்து அவர்களை நீக்கிவிட்டார் என்று அதற்கு அர்த்தம். கோல் கல்தரையில் பட்ட சத்தமும் எனக்குக் கேட்டது.

இது நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் கெர்பூர்கா சகோதரியின் கட்டில் பக்கத்தில் இருந்தேன். அன்று காலை குளிர் அதிகம் என்பதால் தவிட்டை வறுத்துச் சூடாகத் துணியில் கொட்டி, அவருடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டியிருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மௌன நேரத்தில் நாங்கள் கையால் சைகை காட்டித்தான் பேசிக்கொள்வோம். அவருடைய கைகளை நானே கட்டிப்போட்டிருந்தேன். காலைக் கூட்டம் முடிந்து மணி அடிக்கும்வரை மௌனம். நோயாளிகளுக்கு அந்த விதி இல்லை என்று அவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. வழக்கமாக அந்த மணி வெயில் அடுப்பங்கரை வாசலுக்கு வருவதற்கு முன்பே அடித்துவிடும். அன்று வெயில் வாசலைத் தாண்டிக் கட்டில் கால் வரை வந்துவிட்டது, மணி அடிக்கவில்லை.

நான் அவரிடம், "பெரியக்கா, கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கண்ணை மூடியிருந்தார். "பெரியக்கா, என்ன செய்யுது?" என்று கேட்டேன். பதில் இல்லை. முகம் ஒரு மாதிரி இறுகிப்போயிருந்தது. "போயிட்டீங்களா?" என்று கேட்டேன், அப்படிக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். கோல் விழுந்த சத்தம் அந்தச் சமயத்தில்தான் கேட்டது. அதன்பிறகு போர்வைக்குள் கையை விட்டு அவருடைய வலது காலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. உடனே வேலைக்காரச் சகோதரி ஊடாவைக் கூப்பிட்டு, சாம்பலைத் தூவச் சொல்லி, இருவருமாகத் தூக்கித் தரையில் கிடத்திவிட்டு, நான் வெளியே போய்ப் பலகையை அடித்தேன். விடாமல் அடித்தேன்.

அதன்பிறகு என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும். ஐம்பத்தொரு பேரும் இருந்த இடத்திலிருந்து எழுந்து ஓடி வந்தார்கள். வழி அந்த ஒன்றுதான். அடைக்கச் சொன்ன கதவு வழியாகவே அத்தனை பேரும் வந்தார்கள். எல்லாருக்கும் குளிர்காலத்து மரச்செருப்பு, பாலமும் மரம். அந்தச் சத்தமும், ஐம்பத்தொரு தொண்டையில் வந்த விசுவாசப் பிரமாணமும்தான், வால்ராம் சாமியின் புகாரில் "காலால் தரையை உதைத்துக் கூச்சலிட்டு வெளியேறினார்கள்" என்று எழுதப்பட்டிருக்கிறது. காலால் மரத்தை மிதித்தார்கள் என்பது உண்மை. பறந்து வர அவர்களுக்குத் தெரியாது. கூச்சலிட்டார்கள் என்பது, சர்வத்துக்கும் வல்ல பிதாவை விசுவசிக்கிறேன் என்று உரக்கச் சொன்னார்கள் என்பதுதான்.

ரிக்கார்டா அம்மா கடைசியாக வந்தார்கள். கையில் கோல் இல்லை.

முதலில் வந்தவர்கள் சுற்றி நின்று பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட்டம் இப்படிக் கலைந்துவிட்டதால், கூட்டம் முடிந்ததற்கான மணியைப் பொறுப்புக்காரச் சகோதரி பழக்கத்தில் வரும் வழியிலேயே இழுத்திருக்கிறார். மணி அடித்தது. அடித்ததும் கெர்பூர்கா சகோதரி கண்ணைத் திறந்தார். சாம்பலில் படுத்தபடி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "அப்பாடா, முடிஞ்சுதா? ஏண்டி இர்மா, மௌன நேரத்துல தொணதொணன்னு அத்தனை கேள்வியா கேப்ப? ஆமா, யாரு சாகறா?" என்று கேட்டார்.

யார் முதலில் சிரித்தது என்று கோஸ்வின் அன்றே ஒவ்வொருவரிடமும் கேட்டார், ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் சிரித்தேன். அவர் சாகவில்லை என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு அது, யாரையும் பார்த்துச் சிரித்ததல்ல. அதன்பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அழுதவர்களும் இருந்தார்கள். வால்ராம் சாமி அந்த நேரத்தில் பாலத்தைக் கடந்து வாசலுக்கு வந்துவிட்டார். வெறும் பெஞ்சுகளிடம் தீர்ப்பு வாசித்துவிட்டு வந்த மனிதருக்கு ஐம்பது பேர் சிரிப்பது எப்படிக் கேட்டிருக்கும் என்று பிற்பாடு நான் யோசித்துப் பார்த்தேன். அவர்மேல் எனக்கு முழுக்கக் கோபம் இல்லை.

"என்ன கூத்து இது?" என்று அவர் கேட்டார்.

கெர்பூர்கா சகோதரி படுத்தபடியே, "வாங்க சாமி. சாம்பல் கெடக்கு, வழுக்கும், பாத்துக் காலை வைங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். புகாரில் அது கேலிப் பேச்சு என்று இருக்கிறது. அவர் கேலி செய்வதாக இருந்தால் எல்லாருக்கும் புரிகிற மாதிரிச் செய்வார்.

அதன்பிறகு மேற்படி சாமி, இது முன்கூட்டியே திட்டமிட்ட நாடகம் என்றும், தலைவியை நீக்கும் தீர்ப்பைத் தடுக்கவே பலகை அடிக்கப்பட்டது என்றும் சொல்லி, மடம் முழுவதையும் விலக்கில் வைத்தார். பூசை இல்லை, மணி இல்லை, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் இல்லை, இறந்தவர்களுக்கு மந்திரித்த மண் இல்லை, பேரவை வந்து விசாரிக்கும்வரை இப்படியே என்றார். ஆணியில் இருந்த மரச் சுத்தியலைத் தம் கையாலேயே எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பூசை வைக்கும் சாமியாரையும் கூட்டிக்கொண்டு மதியத்துக்குள் புறப்பட்டுவிட்டார். அவருக்காகச் சமைத்த விலாங்கு மீன் அப்படியே இருந்தது. சாப்பிட யாருக்கும் மனம் வரவில்லை, கடைசியில் நோயாளிகளுக்குக் கொடுத்தோம். கெர்பூர்கா சகோதரி இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அன்று மாலை ரிக்கார்டா அம்மா கோவிலில் தம் இடத்தை விட்டு வாசல் பக்கம் கடைசி இடத்தில் போய் நின்றார்கள். தீர்ப்புக்கு அவர்கள் கீழ்ப்படிந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்கிறேன். அன்றிலிருந்து இன்றுவரை முதல் இடம் காலியாக இருக்கிறது. யாரும் போய் நிற்கவில்லை, யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் கெர்பூர்கா சகோதரிக்கு இருமல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை, மார்ட்டின் திருநாளன்று, மூச்சு இழுத்தது. நவம்பர் மாதத்துக் கல்தரையில் சாம்பலின்மேல் அவர் கிடந்த நேரம் குறைவுதான், ஆனால் எழுபத்தெட்டு வயது. அவரைத் தரையில் இறக்கியது நான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, புகாரிலும் இல்லை. நானாகச் சொல்கிறேன். நான் இறக்காமல் இருந்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை, பிற்பகல் செபத்துக்குச் சற்று முன்பு, அவருக்கு முடிவு வந்துவிட்டது என்று தெரிந்தது. இந்தத் தடவை மூக்கு, நகம், இரண்டு கால், எல்லாவற்றையும் பார்த்தேன். நானும் ஊடாவும் மறுபடியும் சாம்பல் தூவி அவரைக் கிடத்தினோம். அவருக்கு நல்ல நினைவு இருந்தது. சாமியாரைக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் என் பாவத்தை நீயே கேள் என்றார்.

"நான் யாரு பெரியக்கா கேக்கறதுக்கு? சொல்லாதீங்க" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதாண்டி. புதன்கிழமை நீ கஞ்சி வேணுமான்னு கேட்டப்ப, மனசுக்குள்ள உன்னை ரொம்ப மோசமாத் திட்டிட்டேன்."

இதை நான் பாவசங்கீர்த்தனமாகக் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். மன்னிக்கும் வார்த்தை எதையும் நான் சொல்லவில்லை. "நான் கேட்டது தப்புதான் பெரியக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு அவர், "பலகை அடிக்கலையா?" என்று கேட்டார். சுத்தியலைச் சாமி எடுத்துக்கொண்டு போய்விட்டார், அடிக்கக் கூடாது என்று உத்தரவு என்றேன். ஊடா அழுதுகொண்டே, "அக்கா, விறகுக் கட்டையால அடிக்கட்டுமா? நான் அடிச்சா என்னைத்தான உதைப்பாங்க" என்றாள். நான் வேண்டாம் என்றேன். மடத்தில் மற்றவர்கள் அந்த நேரத்தில் கோவிலில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், விலக்கில் அப்படித்தான் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் இருபது அடி. நான் கூப்பிடவில்லை. நான் ஒருமுறை அடித்ததால்தான் இத்தனையும் வந்தது, மறுபடி அடித்து வேறு என்ன வருமோ என்று பயந்தேன். நான் கீழ்ப்படிந்தேன். என் வாழ்நாளில் நான் காட்டிய கீழ்ப்படிதலிலேயே எனக்கு வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான்.

 அவர், "அன்னைக்குத்தான் எல்லாரும் வந்தாங்களே. அதையே வச்சுக்கறேன்" என்றார். நானும் ஊடாவும் விசுவாசப் பிரமாணம் சொன்னோம். ஊடாவுக்குப் பாதிதான் தெரியும், மீதியில் நான் தனியாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, உத்தரவுப்படி, ஓடைக்கரையில் டர்னிப் வயலுக்கும் மாடுகள் தண்ணீர் குடிக்கும் துறைக்கும் நடுவில் அவரைப் புதைத்தோம். ஊடாவும் நானும் தோண்டினோம். மற்றவர்கள் சுவருக்கு உள்ளேயே நின்றார்கள், கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், ஒருவரும் தாண்டவில்லை. பாட்டு இல்லை, தீர்த்தம் இல்லை. அன்றிலிருந்து மாடு அந்தப் பக்கம் போகாமல் ஊடா முள் வெட்டி அடைத்திருக்கிறாள். இரண்டு தடவை மாடு தள்ளிவிட்டது, மறுபடி அடைத்தாள்.

பலகையை அடிக்கும்படி ரிக்கார்டா அம்மாவோ வேறு யாருமோ முன்கூட்டி என்னிடம் சொன்னார்களா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். இன்று காலை இந்த அறைக்கு நான் வரும்போது அவர்கள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்காக ஒண்ணு கூட்டவும் வேண்டாம், ஒண்ணு கொறைக்கவும் வேண்டாம்."

இடது பக்கம் இருக்கும் சாமி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கூட்டம் நடப்பது என் காதில் கேட்டுக்கொண்டிருந்ததே, அப்படியானால் மணி அடிக்கவில்லை என்று தெரிந்திருக்குமே, கெர்பூர்கா சகோதரி மௌனம் காக்கிறார் என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்டார். தோன்றியிருக்க வேண்டும். தீப்பிடித்தபோதே பேசாதவர் கஞ்சிக்காகப் பேசுவாரா என்று எந்தக் கன்னியரைக் கேட்டாலும், பேசமாட்டார் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்குத் தோன்றவில்லை. என் கண் நோயாளிமேல் இருக்க வேண்டிய நேரத்தில் என் காது ஜன்னலில் இருந்தது. அப்போது கோல் விழுந்த சத்தம் கேட்டது. எங்கள் அம்மா போய்விட்டார்கள், கதவு போய்விட்டது, இனி இந்த நாலு பேரையும் நான் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்போடு திரும்பிப் பார்த்தபோது எனக்கு எல்லாமே சாவாகத் தெரிந்தது. வலது காலை மட்டும் தொட்டேன். இடது காலைத் தொடவில்லை. அவருடைய கால்கள் இருபது வருஷமாகவே சில்லென்றுதான் இருந்தன என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அந்த நேரத்தில் கூட்டம் நின்றுபோக வேண்டும் என்று ஆசைப்பட்டாயா என்று அதே சாமி கேட்டார். ஆசைப்பட்டேன். எல்லாரும் எழுந்து என்னிடம் வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் சாகிறார் என்று நம்பித்தான் அடித்தேன். ஆனால் நம்புவதற்கு எனக்கு அவசரம் இருந்தது. எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு ஆசை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதமாகப் பிரித்துப் பார்க்கிறேன். வெறும் தவறுதான் என்று மட்டும் சொன்னால் கெர்பூர்கா சகோதரி உடனே உள்ளே வந்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நற்செய்திமேல் கை வைத்திருக்கிறேன், பொய் சொல்லி அவரை உள்ளே கொண்டுவந்தால் அவரே எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இது. குற்றம் இருந்தால் அது பலகையை அடித்த கையில் இருக்கிறது. ஓடி வந்த ஐம்பத்தொரு பேருக்கு என் மனதில் இருந்தது எதுவும் தெரியாது. பலகை கேட்டால் ஓட வேண்டும் என்று விதி சொல்கிறது, ஓடினார்கள். ரிக்கார்டா அம்மாவுக்கும் தெரியாது. கெர்பூர்கா சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், "உயிரோடதான் இருக்கேன்" என்று அவர் சொல்லியிருந்தால், பலகை இல்லை, விலக்கு இல்லை, சாம்பல் இல்லை, இருமல் இல்லை. மணி அடிக்காததால் அவர் பேசவில்லை. சாகக் கிடத்தியபோதும் பேசவில்லை. விதியை மதித்து அந்த அளவுக்கு வாயை மூடிக்கொண்டிருந்த இன்னொருவரை இந்தச் சபையில் நான் பார்த்ததில்லை. அவரைத்தான் கீழ்ப்படியவில்லை என்று சொல்லிச் சுவருக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

இப்போது நிலம் உறைந்து கிடக்கிறது. இளகியதும் தோண்ட உத்தரவு கொடுத்தால் நானே தோண்டுகிறேன், இடம் எனக்குத் தெரியும். அவரை உள்ளே எடுத்துப் போன பிறகு அந்தக் குழியை மூட வேண்டாம். கீழ்ப்படியாதவர் ஒருவர் வெளியே கிடந்துதான் ஆக வேண்டும் என்றால், அது எனக்கு இருக்கட்டும்.

இதை எழுதிய தம்பி எனக்குப் புரியும் பேச்சில் முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் "வருத்தத்துடன் சிரித்தேன்" என்று எழுதியிருந்தார், "வருத்தத்துடன்" என்பதை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். மற்றவை யாவும் நான் சொன்னவையே, என் மனதறிந்த வரையில் உண்மையே. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எனக்கு எதுவும் வாக்களிக்கவில்லை.

(சிலுவைக் குறி)
இர்மென்கார்ட், நோயாளிச் சாலை, வைடன்பாக்